பழசாகாத கோப்புகள்

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு வினிதாவின் திரையில் வந்த அறிக்கையில் ஒரு வரிதான் முக்கியம்: "நகர்த்தத் தகுதியான கோப்புகள்: 0."

மொத்தம் பதினோராயிரத்து இருநூற்று எண்பது கோப்புகள். அவற்றில் இரண்டு வருடமாக யாரும் கை வைக்காத கோப்பு ஒன்றுகூட இல்லை என்று அந்த வரி சொன்னது. நம்பும்படியாகவா இருக்கிறது? 2003இல் வரைந்த மாங்காய் பார்டர் ஒன்று அதில் இருந்தது. அந்தப் பார்டர் வைத்த புடவையைக் கட்டிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தவர்களின் பிள்ளைகள் இப்போது கல்லூரிக்குப் போகிறார்கள். அந்தக் கோப்பும் பழசு இல்லையாம்.

மைசூர் மேட்டகள்ளியில் இருக்கும் அந்தப் பட்டு நெசவு நிறுவனத்தில் புடவை டிசைன்கள் எல்லாம் ஒரே இடத்தில்தான் இருந்தன. மாடியில் ஒரு சின்ன ஏசி அறை, அதற்குள் அலமாரி உயரத்துக்கு ஒரு பெட்டி, பெட்டி நிறைய ஹார்ட் டிஸ்குகள். ஆறு டிசைனர்களும் தங்கள் கணினியிலிருந்தே அதற்குள் எழுதுவார்கள், எடுப்பார்கள். ஆபீஸில் அதற்குப் பெயர் "ஷேர்". ஒரு புடவைக்கு உடல், பார்டர், முந்தானை என்று மூன்று கோப்புகள். வரைந்த படத்தின் ஸ்கேன், நிற அடுக்குகள் எல்லாம் உள்ளேயே இருப்பதால் ஒவ்வொன்றும் முந்நூறு எம்பிக்குக் குறையாது. ஷேர் தொண்ணூற்றேழு சதவீதம் நிரம்பிவிட்டது.

இதற்கு வழி ஆர்க்கைவ் என்று சொன்னவள், ஆபீஸ் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வினிதாதான். ஏற்பாடு எளிமையானது. கீழ்த்தளத்தில் மெதுவான, ஆனால் இடம் நிறைய உள்ள பழைய பெட்டி ஒன்று சும்மா கிடந்தது. ஷேரில் பழசாகிப்போன கோப்புகளை ஒரு மென்பொருள் தானே கண்டுபிடித்து அங்கே கொண்டுபோய் வைக்கும். கோப்பு இருந்த இடத்தில் அதே பெயரில் ஒரு சீட்டு இருக்கும். யாராவது அந்தச் சீட்டைத் திறந்தால் கோப்பு கீழேயிருந்து வந்துவிடும், அரை நிமிடம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான். எதுவும் அழியாது. இதைச் சொன்னபோது அவளுக்கு இருந்த உற்சாகத்தைப் பார்த்துத்தான் நிர்வாகம் சம்மதித்தது. அது நடந்து மூன்று வாரம். மூன்று வாரத்தில் இரண்டு பெட்டிகளும் ஒன்றோடொன்று பேசின, சீட்டுகள் வேலை செய்தன, சோதனைக்கு வைத்த கோப்புகள் எல்லாம் ஒழுங்காக இறங்கிப் போயின. நிஜமான ஷேரின் மேல் ஓட்டினால் மட்டும் பூஜ்யம்.

"ஏன் மேடம், இன்னிக்கும் ஸொன்னெயேதானா?"

தயாரிப்பு மேலாளர் ஸுமந்த் கதவருகே நின்றான். மேல்கோட்டை வம்சம், மைசூரில் வளர்ந்தவன். அவன் தமிழில் பாதி கன்னடம். ஸொன்னெ என்றால் பூஜ்யம். போன வாரத்திலிருந்து டிசைனர்கள் அவளுக்கு ஸொன்னெ மேடம் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

"பாத்துட்டு இருக்கனுங்க சார்."

"நோடி மேடம், பாருங்கோ, நானும் மூணு வாரமா பாத்துண்டுதான் இருக்கேன். கல்யாண சீசன் டிசைன் நூத்தி இருபது வரணும். ஷேர்ல இடம் இல்ல. நேத்து ரெண்டு பேர் பென்டிரைவ்ல சேவ் பண்ணிண்டு ஆத்துக்குப் போயிருக்கா." அவன் குரலைத் தாழ்த்தினான். அது கத்துவதைவிட மோசமாக இருந்தது. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம். முடியலைன்னா சனிக்கிழமை 2015க்கு முன்னாடி நம்பர் கொடுத்த டிசைனை எல்லாம் டிலீட் பண்ணிடறேன். எம்டிகிட்ட கேட்டாச்சு."

"அதெல்லாம் போச்சுன்னா திரும்ப வராதுங்க சார். பாதிக்கு மேல தறில மாட்டுற பழைய ஓட்டை அட்டையிலிருந்து ஒவ்வொரு புள்ளியா பாத்து ஏத்துனது. அந்த அட்டைகூட இப்ப இல்ல."

"தெரியும். அதனாலதான் உங்களுக்கு வெள்ளிக்கிழமை. இல்லைன்னா இன்னிக்கே பண்ணிருப்பேன்."

அவன் போனதும் வினிதா விதியை மறுபடி வாசித்தாள். நாலே சொற்கள் கொண்ட விதி: கடைசியாக மாற்றி இரண்டு வருடமானவை. அதில் தவறு எங்கே இருக்க முடியும்?

ஒரு கோப்புக்கு மூன்று தேதிகள் உண்டு: உருவான தேதி, கடைசியாக மாற்றிய தேதி, கடைசியாகத் திறந்த தேதி. எது பழசு என்று மென்பொருள் தெரிந்துகொள்ள இவற்றில் ஒன்றைத்தான் நம்ப வேண்டும். உருவான தேதியை அவள் முதலிலேயே தள்ளிவிட்டிருந்தாள். 2019இல் எல்லாவற்றையும் பழைய பெட்டியிலிருந்து இந்தப் பெட்டிக்கு நகலெடுத்தார்கள். நகலெடுத்த நாளையே எல்லாக் கோப்புகளும் தாங்கள் பிறந்த நாள் என்று சொல்கின்றன. திறந்த தேதியும் உதவாது. வைரஸ் தேடும் மென்பொருள் வாரம் ஒருமுறை ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்கிறது. அந்தக் கணக்கில் எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமைதான் திறக்கப்பட்டவை. மிச்சம் இருப்பது மாற்றிய தேதி. மூன்றில் யோக்கியமானது அதுதான். படித்தால் நகராது, நகலெடுத்தால் நகராது. கோப்புக்குள் யாராவது எழுதினால்தான் நகரும்.

அப்படியென்றால் பதினோராயிரம் கோப்புகளுக்குள்ளும் யாரோ எழுதுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் அவள் மென்பொருள்களைச் சந்தேகப்பட்டாள். வைரஸ் தேடுவதை நிறுத்திப் பார்த்தாள். பேக்கப்பை நிறுத்திப் பார்த்தாள், பயந்து உடனே மறுபடி ஓட விட்டாள். பெட்டியின் கடிகாரம் தப்போ என்று சோதித்தாள். அது நொடி பிசகாமல் இருந்தது. ஆர்க்கைவ் மென்பொருளை விற்றவர்களின் உதவி எண்ணுக்கு அழைத்தாள். நாற்பது நிமிடம் இசை கேட்ட பிறகு வந்த ஒருவர், "மேடம், விதி சரியாக வேலை செய்கிறது. உங்களிடம் பழைய கோப்புகள் இல்லை" என்று சுத்தமான ஆங்கிலத்தில் சொல்லி வைத்துவிட்டார். வினிதா ஹெட்போனைக் கழற்றி மேஜையில் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"என்ன மேடம், ஸொன்னெ உடைஞ்சுதா?"

"இல்ல. என் மண்டைதான்."

புதன்கிழமை அவள் வேறு விதமாக யோசித்தாள். யார் மாற்றுகிறார்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, எப்போது மாற்றுகிறார்கள் என்று கேட்டாள். எல்லாக் கோப்புகளின் மாற்றிய தேதிகளையும் ஒரு பட்டியலாக இறக்கி, நாளுக்கு எத்தனை என்று எண்ண வைத்தாள். வந்த படத்தைப் பார்த்து நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டாள்.

மனிதர்கள் வேலை செய்தால் படம் மேடும் பள்ளமுமாக இருக்கும். மென்பொருள் செய்திருந்தால் ஒரே நாளில் ஒரு பெரிய கோபுரம் நிற்கும். இது இரண்டும் இல்லை. நாளுக்கு நூற்றைம்பது. அடுத்த நாளும் நூற்றைம்பது, சில நாள் நூற்று நாற்பத்தெட்டு. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமில்லை. உகாதி அன்று ஒன்றுமில்லை. நேரம் எப்போதும் காலை எட்டரைக்கு மேல், ஒன்பதே முக்காலுக்குள். டிசைன் எண் ஒன்றிலிருந்து வரிசையாக ஏறி, மூன்று மாதத்தில் கடைசி எண்ணைத் தொட்டு, மறுபடி ஒன்றுக்கு வந்தது. ஷேரில் இருந்த மிகப் பழைய தேதிக்கு வயது எண்பத்தெட்டு நாள்.

இயந்திரத்தைப் போல ஒழுங்கான ஒரு மனிதர். ஞாயிறு விடுமுறை எடுக்கும் மனிதர். பெயர் மட்டும் தெரியவில்லை. டிசைன் பிரிவில் எல்லோரும் ஒரே கடவுச்சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள், வேண்டாம் என்று அவள் இரண்டு முறை மெயில் போட்டும். எந்தக் கணினியிலிருந்து எழுதப்படுகிறது என்று குறித்துவைக்கும்படி ஷேருக்கு ஒரு கட்டளை கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை எட்டே முக்காலுக்கு அந்தக் குறிப்பில் வந்த பெயர் சாம்பிள் ரூம் கணினி. வினிதா படியிறங்கி ஓடினாள்.

சாம்பிள் ரூமில் நரசிம்மமூர்த்தி தனியாக உட்கார்ந்திருந்தார். டிசைன் சேகரிப்புக்குப் பொறுப்பாளர், ஐம்பத்திரண்டு வயது, நெற்றியில் பளிச்சென்று திருமண். திரையில் ஒரு மயில் முந்தானை. அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தார், சேவ் அழுத்தினார், மூடினார், பக்கத்து நோட்டில் ஒரு டிக் போட்டார், அடுத்ததைத் திறந்தார்.

"மூர்த்தி சார், என்ன பண்றீங்க?"

"வாம்மா வினிதா. மடிப்பு மாத்திண்டிருக்கேன்."

"என்னதுங்க?"

அவர் நாற்காலியைத் திருப்பினார். இங்கே வருவதற்கு முன் தேவராஜ மொஹல்லாவில் ஒரு பட்டுக்கடையின் கிடங்கில் பதினாலு வருடம் இருந்தவர் அவர். "பட்டுப்புடவையை வாங்கி மடிச்ச மடிப்பிலேயே வச்சுட்டா என்ன ஆகும்? மடிப்பிலே ஜரிகை விட்டுப் போகும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து, உதறி, வேற எடத்துல மடிச்சு வைக்கணும். கெடங்கில ஆறாயிரம் பொடவை, ஒண்ணு கெட்டதில்லை. இங்கே வந்தேன். 2016ல பழைய டிஸ்க் ஒண்ணு, ரெண்டு வருஷம் யாரும் தொடாம இருந்தது, திறந்தா நாப்பது பார்டர் திறக்கலை. அன்னிக்கே முடிவு பண்ணினேன். தொடாம வச்சா எதுவுமே கெட்டுப்போறது. தினம் நூத்தைம்பது. திறந்து, பாத்து, சேவ் பண்ணி மூடறேன். இதுவரைக்கும் ஒண்ணு போகலை, தெரியுமோ?"

எட்டு வருடமாக, யாரும் சொல்லாமல், ஆபீஸ் தொடங்க ஒரு மணி நேரம் முன்னதாக வந்து. வினிதாவுக்கு அவரைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. திட்டத்தான் வாய் வந்தது.

"சார், நீங்க சேவ் பண்ணா ஒரு புள்ளிகூட மாறலைன்னாலும் முழு ஃபைலும் மறுபடி எழுதுதுங்க. தேதி இன்னிக்குன்னு ஆயிருது. நான் மூணு வாரமா பழைய ஃபைல் எங்கேன்னு தேடிட்டு இருக்கேன். நீங்க எல்லாத்தையும் புதுசாக்கிட்டு இருக்கீங்க!"

"புதுசா இருந்தா நல்லதுதானேம்மா?"

அவள் பதில் சொல்லத் தொடங்கி நிறுத்தினாள். திரையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்திருந்தது. அவர் அதைப் பார்க்காமலே ஓகே அழுத்தினார்.

"அது என்னங்க சார்?"

"என்னமோ இங்கிலீஷ் மெசேஜ். கால்மணியா வந்துண்டே இருக்கு. ஓகே கொடுத்தா போயிடறது."

"கையை எடுங்க சார். எடுங்க!"

அவள் மவுஸைக் கிட்டத்தட்டப் பிடுங்கிக்கொண்டு அந்த ஃபோல்டரைத் திறந்தாள். அளவு என்ற கட்டத்தில் வரிசையாக 0 கேபி, 0 கேபி, 0 கேபி. எண்ணினாள். இருபத்து மூன்று.

நடந்தது இதுதான். கோப்பை சேவ் செய்யும்போது அந்த மென்பொருள் முதலில் பழைய உள்ளடக்கத்தைத் துடைக்கும், பிறகு புதியதை அதே இடத்தில் எழுதும். டிசைனர்கள் நேற்று கடைசி மூலை வரை நிரப்பிவிட்டிருந்தார்கள். ஒன்று துடைத்ததும் கிடைக்கிற இடத்தை, இடமில்லாமல் டிசைனர்களின் கணினிகளில் நேற்றிலிருந்து காத்திருந்த வேறொரு சேவ் பிடித்துக்கொண்டது. மூர்த்தி சாரின் கோப்புக்குத் திரும்ப எழுத இடமில்லை. துடைத்தது துடைத்ததுதான். அதைத்தான் அந்த ஆங்கிலப் பெட்டி இருபத்து மூன்று முறை சொல்லியிருக்கிறது.

அவள் விளக்கி முடித்தபோது நரசிம்மமூர்த்தியின் கை நோட்டின் மேல் அப்படியே இருந்தது. டிக் போட்ட இருபத்து மூன்று வரிகள்.

"நானா அழிச்சேன்?"

"நேத்து பேக்கப் இருக்குங்க சார். எடுத்துடலாம்." அவள் குரல் தானாகவே இறங்கியது. புதிதாக நுழைந்த சேவ்களைப் பென்டிரைவுக்கு மாற்றி இடம் பண்ணினாள், பத்தரை மணிக்குள் இருபத்து மூன்றும் திரும்பி வந்தன. ஒவ்வொன்றையும் அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். சேவ் மட்டும் அழுத்தவில்லை.

"ஜரிகை ஒலோகம், சார். சும்மா இருந்தாலும் மடிப்புல தேயும். ஃபைல் அப்படி இல்லீங்க. 2016ல ஃபைல் கெடலை, டிஸ்க் கெட்டுது. அந்த டிஸ்க்ல தினம் சேவ் பண்ணிருந்தாலும் ஒருநாள் போயிருக்கும். ரெண்டு எடத்துல வச்சிருந்தா போயிருக்காது."

"சரி. நிறுத்திட்டேன்," என்றார் அவர். "இனிமே உன் ஆர்க்கைவ் ஓடுமோல்லியோ?"

வினிதா மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஓடாது. அவர் இன்றைக்கே நிறுத்திவிட்டார், நல்லது. ஆனால் கோப்புகளின் மேல் அவர் குத்திவிட்ட தேதிகள் போகாது. அவை பழசாக இன்னும் இரண்டு வருடம் ஆகும். பழைய தேதிகளைப் பேக்கப்பிலிருந்து எடுக்கலாம் என்றால் அது முப்பது நாள்தான் வைத்திருக்கிறது. மூன்று தேதிகளில் மூன்றும் பொய். வெள்ளிக்கிழமை நாளைக்கு.

"ஓடுமா ஓடாதா, சொல்லேம்மா?"

"ஒண்ணுமில்லைங்க சார். அழுகை வருது, அவ்வளவுதான்."

மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு தறி ஷெட்டுக்குப் போனாள். அங்கே இருக்கும் இரைச்சலில் யாரும் ஸொன்னெ மேடம் என்று கூப்பிட்டாலும் காதில் விழாது. ஷெட் சூப்பர்வைசர் மல்லப்பன் ராமாபுரத்துக்காரர், அவள் பக்கத்து ஊரான கௌதள்ளி. அந்த ஒரு காரணத்துக்காகவே அவளிடம் உரிமையோடு பேசுவார்.

"என்ன அம்மிணி, மொகத்துல ஈ ஆடல?"

அவள் கொட்டித் தீர்த்தாள். எந்த டிசைன் பழசு, எது புழக்கத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஒரு நல்ல தேதி இந்தக் கட்டிடத்தில் எங்கேயும் இல்லை என்றாள்.

மல்லப்பன் மோர் டம்ளரை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "அது ஏனுங்க அம்மிணி ஃபைல்கிட்டப் போய்க் கேக்கறீங்க? எப்ப நெஞ்சோம்னு தறிக்கில்ல தெரியும்?"

"தறிக்கா?"

"டிசைனைத் தறிக்கு அனுப்புனா அந்தா, மூலைல கெடக்குது பாருங்க கம்ப்யூட்டரு, அதுல ஒரு வரி விழும். தேதி, தறி நம்பரு, டிசைன் நம்பரு. மிசின் தறி வந்த நாள்ல இருந்து இருக்குது. மாசாமாசம் சம்பளத்துக்கு மீட்டர் பாக்க அதைத்தான எடுக்கறோம்."

வினிதா டப்பாவை மூடாமலே எழுந்தாள். மூலைக் கணினியில் தூசி படிந்த திரைக்குப் பின்னால் 2014 முதலான ஒவ்வொரு நாளும் இருந்தது. ஒரு லட்சத்துச் சொச்சம் வரிகள். யாரும் திருத்தாதது, சம்பளக் கணக்குக்குத் தவிர வேறெதற்கும் யாரும் பார்க்காதது. ஒரு டிசைன் எண்ணைக் கொடுத்தால் அது கடைசியாக எந்த நாள் நெய்யப்பட்டது என்று சொல்லிவிடும். மாங்காய் பார்டரின் எண்ணைக் கொடுத்துப் பார்த்தாள். 2017 ஆகஸ்ட், ஆறாம் நம்பர் தறி. அதற்குப் பிறகு ஒரு வரியும் இல்லை.

"மல்லப்பண்ணா, உங்களுக்குக் கோயில் கட்டலாங்க."

"கோயில் எதுக்கு, அந்த மூலைக்கு ஒரு ஃபேன் போடச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை காலை அவள் புதிய விதியை எழுதி நரசிம்மமூர்த்தியிடம் காட்டினாள். தறிப் பதிவில் இரண்டு வருடமாக வராத எண்கள் எல்லாம் ஆர்க்கைவுக்கு. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"போன வாரம் வரைஞ்ச டிசைன் இன்னும் தறிக்கே போகலையே. அதுவும் பதிவுல இருக்காதே. அதையும் கீழே தள்ளிடுமோ?"

தள்ளிவிடும். வினிதா அதை யோசிக்கவே இல்லை. எரிச்சலோடு தலையைச் சொறிந்துகொண்டாள். "பழைய டிசைனைத் திருத்தினா?"

"திருத்தினா புது நம்பர் கொடுக்கணும்கறது நான் போட்ட ரூல். ரெண்டு வருஷத்துக்குள்ளே கொடுத்த நம்பர் 3460லேர்ந்து ஆரம்பம். ரிஜிஸ்தர்ல தேதியோட இருக்கு."

அவள் அதைச் சேர்த்தாள். அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

"கீழே போனதுக்கப்புறம் நல்லா இருக்கான்னு யார் பாப்பா?"

இந்தக் கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது. கோப்பில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரு நீண்ட எண் வரும். ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் வேறாகிவிடும் என்று சொல்லி, மயில் முந்தானையின் நகல் ஒன்றில் ஒரு புள்ளியை மாற்றிக் காட்டினாள். எண் முழுக்க மாறியது. அவர் இன்னொரு புள்ளியை மாற்றச் சொன்னார், பிறகு பழையபடி வைக்கச் சொன்னார். பழைய எண்ணே வந்தது.

"எழுதாம, படிச்சே பாத்துடறது," என்றார் மெல்ல.

"ஆமாங்க சார். ஞாயித்துக்கெழமை எல்லாத்தையும் அதுவே பாத்துரும். ஒண்ணு ஒத்துவரலைன்னாலும் உங்களுக்கும் எனக்கும் மெயில் வரும். உடனே பேக்கப்ல இருந்து எடுத்துக்கலாம்."

"ஆனாலும் நான் திங்கட்கிழமை பத்து ஃபைலாவது கண்ணால பாப்பேன்."

"பாருங்க. சேவ் பட்டன் மட்டும் வேலை செய்யாது."

மதியம் இரண்டு மணிக்கு ஓட விட்டாள். நான்கு மணிக்கு ஸுமந்த் வந்தான். ஐந்தரை வரை அவனும் வினிதாவும் மூர்த்தி சாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அறிக்கை வந்தது: நகர்த்தியவை 7,134, பிழை இல்லை. ஷேர் முப்பத்தெட்டு சதவீதம்.

ஸுமந்த் இரண்டு முறை படித்தான். "டிலீட் வேண்டாம், பிடு, விட்டுடலாம்," என்று சொல்லிவிட்டு, பென்டிரைவ்களைக் கொண்டுவரச் சொல்லிப் போனான்.

வினிதா அன்று மாலை எல்லோருக்கும் அனுப்பிய குறிப்பு இது:

கோப்பின் மேல் இருக்கும் எந்தத் தேதியையும் ஆர்க்கைவ் இனி பார்க்காது. தறிப் பதிவில் ஒரு டிசைன் எண் கடைசியாக வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தால், அல்லது அது பதிவில் வரவே இல்லை என்றால், அந்த எண்ணின் உடல், பார்டர், முந்தானை மூன்றும் சேர்ந்து கீழ்த்தளப் பெட்டிக்குப் போகும். ஷேரில் சீட்டு இருக்கும். எண் கொடுத்து இரண்டு வருடம் ஆகாத டிசைன்கள் போகாது. ஆர்க்கைவில் இருப்பதைப் படிக்கலாம், எழுத முடியாது. அதையும் சேர்த்துத் தினமும் பேக்கப் எடுக்கப்படும். ஞாயிறுதோறும் ஒவ்வொரு கோப்பின் எண்ணும் சரிபார்க்கப்படும். வேலை வெள்ளிக்கிழமைதோறும் மதியம் இரண்டு மணிக்கு ஓடும்.